அழுத பெண்ணை நம்பி வாங்கிய புத்தகம்

அந்த ரீலில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். ரோஸ் நிற அட்டை போட்ட புத்தகத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி, இருபது விநாடி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் பியானோ. கதை என்ன, யார் எழுதியது, ஒன்றும் கிடையாது. அதை எனக்கு அனுப்பியவள் அண்ணன் மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள். "அத்தை, இது வேணும். கிளாஸ்ல எல்லாரும் படிச்சாச்சு."

நான் கிளை நூலகர். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் இருபத்திரண்டு வருஷமாகத் தேதி முத்திரை குத்துகிறவள். அட்டையைப் பார்த்து மயங்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அந்த அழுகையில் விழுந்துவிட்டேன். எங்கள் நூலகத்துக்கு இந்த மாதிரிப் புத்தகம் வராது. எதை வாங்குவது என்பது கிளையில் முடிவாகிற விஷயம் இல்லை. சொந்தக் காசு 499 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன் நாமும் படித்துவிடலாமே என்று ஒரு வெள்ளிக்கிழமையை, எங்களுக்கு அன்றுதான் வார விடுமுறை, அதற்கே ஒதுக்கினேன்.

அமெரிக்காவில் பனி கொட்டும் ஒரு சிற்றூர். ஐஸ் ஹாக்கி ஆடும் பையன். கணக்கில் தேறாவிட்டால் அணியில் இடமில்லை. கணக்கில் புலியான ஒரு பெண் அவனுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பதிலுக்கு, அவளுடைய பழைய சிநேகிதன் வயிறெரியும்படி அவன் அவளுக்குக் காதலனாக நடிக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குப் போகிறவர் யாராவது தாலி கட்டுவார்களா மாட்டார்களா என்று பதைபதைத்து உட்கார்ந்திருப்பாரா?

என் வருத்தம் வேறு. முந்நூறு பக்கம் பனி பெய்கிறது, ஒருவர் காலும் விறைக்கவில்லை. பெண்ணின் அம்மா இரவு பகலாக உழைக்கிறாராம். நாற்பதாம் பக்கத்தில் மருத்துவமனையில் வேலை, இருநூற்றுச் சொச்சத்தில் ஓட்டலில் வேலை. நடுவில் வேலை மாறியதாகத் தகவல் இல்லை. எழுதியவர் மறந்திருக்கலாம், பதிப்பித்தவர்களுமா படிக்கவில்லை? பிறகு ஒரு பிரிவு. ஒரு போன் போட்டு "நிஜமா?" என்று கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே தீர்ந்திருக்கும். இருவர் கையை விட்டும் போன் இறங்குவதே இல்லை, ஆனால் கேட்க மாட்டார்கள். கேட்டால் எண்பது பக்கம் போய்விடும். கடைசியாக, அவளோடு பேசிய குற்றத்துக்காக இன்னொரு பையனைச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளுகிறான் நாயகன். அவளுக்கு உள்ளே பட்டாம்பூச்சி பறக்கிறதாம். அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுக் காபி போடப் போனேன்.

திரும்பி வந்து அந்த ரீலையும் அதைப்போல இன்னும் நாலைந்தையும் பார்த்தபோதுதான் சங்கதி பிடிபட்டது. இந்த உலகத்தில் கதைகளுக்குச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். எதிரியாக ஆரம்பித்துக் காதலாவது ஒரு சீட்டு. நடிப்புக் காதல் நிஜமாவது ஒன்று. போன இடத்தில் இருவருக்கும் ஒரே கட்டில் என்பது இன்னொன்று. நான் வாங்கியதில் மூன்றும் இருந்தன, மளிகை லிஸ்ட்டில் டிக் அடித்த மாதிரி. இருபது விநாடியில் சொல்ல முடிவது சீட்டு மட்டும்தான். அம்மாவின் களைப்பையோ, விறைத்த கால்விரலையோ அதற்குள் சொல்ல முடியாது. ஆகவே அவை எழுதப்படவும் இல்லை.

இப்படிக் கேமரா முன்னால் புத்தகத்தைக் காட்டுவது கொரோனா ஊரடங்கில் டிக்டாக்கில் பெருகிய பழக்கம். 2020 ஜூனில் இங்கே டிக்டாக்கைத் தடை செய்தார்கள். நமக்கு இன்ஸ்டாகிராம் வழியாக வந்து சேர்ந்தது. இதனால் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். மேடலின் மில்லரின் 'த சாங் ஆஃப் அக்கிலீஸ்' 2011இல் வந்து, மறு ஆண்டு ஆரஞ்சு பரிசும் வாங்கிய நாவல். பத்து வருஷம் கழித்து அது மறுபடி விற்றுத் தள்ளியதற்கு இந்த மாதிரி அழுத பெண்கள்தான் காரணம். அதே வழியாகத்தான் காலின் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' நாவலும் வெளியாகி ஐந்து வருஷம் கழித்து எங்கும் பேச்சானது. கணவன் கைநீட்டுகிற வீட்டின் கதை, பெரியவர்களுக்கு எழுதியது. அட்டையில் பூவைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

உடனே "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று ஆரம்பிக்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். பிசிக்ஸ் புத்தகத்துக்குள் வைத்து ரமணிசந்திரன் படித்தவள் நான். அந்த நாயகர்களின் திமிரையும் நாங்கள் காதல் என்றுதான் விழுங்கினோம். ஆனால் அந்த நாவல்களை எங்கள் கையில் திணிக்க யாரும் கேமரா முன்னால் அழவில்லை. எங்கள் நூலகத்தில் அவற்றின் தேதித்தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பி அட்டையாகத் தடித்திருக்கிறது. நான் நம்புகிற விமர்சனம் அதுதான்.

இதில் எனக்குத் தாங்காதது ஒன்று உண்டு. பதின்வயதினருக்கான நாவல் என்ற வகையை எஸ்.ஈ. ஹிண்டனின் 'த அவுட்சைடர்ஸ்' நாவலிலிருந்து கணக்கு வைப்பார்கள். 1967இல் அது வெளியானபோது அவருக்குப் பதினெட்டு வயது. எழுதத் தொடங்கியது பள்ளியில் படிக்கும்போதே. தன் வயதுக்காரர்களுக்கென்று வந்த கதைகள் நடன விருந்து, ஜோடி சேர்வது என்றே சுற்ற, தன் ஊரில் தான் பார்க்கும் பையன்கள் அவற்றில் இல்லையே என்ற எரிச்சலில் எழுதியவர். பொய்யான பிள்ளைகளைப் பார்த்துச் சலித்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கோபத்தில் தொடங்கிய வகை, அறுபது வருஷம் கூட ஆகவில்லை, இப்படிச் சீட்டுக்குள் வந்து நிற்கிறது.

அண்ணன் மகளிடம் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரே ராத்திரியில் முடித்துவிட்டாள். அழுதாயா என்று கேட்டேன். இல்லையாம். தோசையைப் பிய்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏன் அத்தை, அவ மேத்ஸ்ல பெரிய ஆளுன்னாங்க. புக்கு முழுக்க ஒரு கணக்குகூடப் போடலையே?" என்றாள். அது என் கண்ணில் படவே இல்லை.

இப்போது அது நூலகத்தில் இருக்கிறது. நன்கொடையாகப் பதிந்து, தாள் ஒட்டி, ஜன்னலோர அலமாரியில் வைத்தேன். இதுவரை மூன்று முத்திரை. முதல் இரண்டு பெண்களும் மறுநாளே கொண்டுவந்து வைத்துவிட்டு வேறு எடுத்துப் போனார்கள். மூன்றாவது பெண் இன்னும் திருப்பித் தரவில்லை. கெடு தாண்டி நாலு நாளாகிறது.