விளையாட்டு விதிக்குப் பட்டா போடலாமா?



விடுமுறைக்கு வந்த பேரன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "லோடிங் தாத்தா, வெயிட் பண்ணணும்" என்றான். "அதுவரை ஆட ஒரு குட்டி விளையாட்டு வைத்தால் என்ன?" என்று கேட்டேன். பிறகு தேடிப் படித்தால், அந்த யோசனைக்கே ஒருவர் பட்டா வாங்கி வைத்திருந்த கதை தெரிந்தது.

1987-லேயே கொமடோர் 64 கணினியின் கேசட்டுகள் சிலவற்றில் இந்த வசதி இருந்தது. ஆனாலும் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1995-ல் விண்ணப்பித்து, 1998-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அது 2015-ல்தான் காலாவதியானது. இன்று வேகமான எஸ்எஸ்டி வந்து, காத்திருக்கும் நேரமே குறைந்துவிட்டது. பசித்தபோது பூட்டியிருந்த சமையலறையை, பந்தி முடிந்தபின் திறந்த கதைதான்.

இன்னொன்று. 2014-ல் வந்த 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' விளையாட்டில், உங்களைக் கொன்ற எதிரி பதவி உயர்வு பெறுவான். தப்பிப் பிழைத்தவன் தழும்போடு திரும்பி வந்து பழையதைச் சொல்லிக்காட்டுவான். அருமையான கற்பனை! வார்னர் பிரதர்ஸ் அதற்கு 2021-ல் காப்புரிமை பெற்றது. 2036 வரை செல்லும். அதை உருவாக்கிய மோனோலித் ஸ்டுடியோவை 2025-ல் அதே நிறுவனம் மூடிவிட்டது. செய்தவர்கள் போய்விட்டார்கள், பூட்டு மட்டும் தொங்குகிறது.

"உழைத்தவனுக்குப் பலன் வேண்டாமா சார்?" என்பீர்கள். நிச்சயம் வேண்டும். எழுதிய நிரல், வரைந்த படம், அமைத்த இசை எல்லாவற்றையும் பதிப்புரிமை காக்கிறது. திருடினால் வழக்குப் போடட்டும். ஆனால் ஆடும் முறை அப்படியல்ல. தாயமும் பல்லாங்குழியும் ஊருக்கு ஊர் விதி மாறித்தானே வளர்ந்தன?

நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு, விளையாடும் முறை கண்டுபிடிப்பாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. இதில் நம் சட்டமே சரி என்பது என் கருத்து.

உங்களில் பலர் மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறீர்கள். அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன், இது என் உழைப்புக்குக் காவலா, அடுத்தவன் வழிக்கு முள்வேலியா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

விடையைப் பார்த்து எழுதியவனை முட்டி போட வைத்தவன்தான் நான். ஆனால் கணக்குப் போடும் வழியைக் கரும்பலகையில் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதினேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். இப்போது பிரம்பு கையில் இல்லை!