விரலை இழுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரு அல்சூர் பக்கம் பிள்ளைகள் ஆடும்போது வேலியோரம் நிற்கும் அப்பா அம்மாக்களே, எனக்கு உங்களோடுதான் சண்டை. கேட்ச் பிடிக்கப் போனவன் விரலைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தால் என்ன செய்கிறோம்? ‘சுளுக்குதான்டா’ என்று வெடுக்கென ஓர் இழுப்பு, மேலே கொஞ்சம் தைலம், ‘போ, போய் நில்லு.’ நாலு நாளாகியும் வீக்கம் வடியாவிட்டால் புத்தூர்க் கட்டு போர்டைத் தேடுகிறோம். நானும் இழுத்தவள்தான். அந்த வயிற்றெரிச்சலில்தான் பேசுகிறேன்.

2021 ஜனவரியில் சிட்னியில் ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் இடது கட்டைவிரலைப் பெயர்த்தது. மூட்டு விலகி, எலும்பும் முறிந்திருந்தது. அங்கேயே அறுவை சிகிச்சை. தேறுவதற்கு நம்ம பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமி. இங்கிலாந்துக்கு எதிரான 4 டெஸ்ட்டும் போயிற்று. ஏப்ரலில் ஐபிஎல்லுக்குத் திரும்பிவந்து ஒரே ஓவரில் 36 ரன், அதுவும் நம்ம ஆர்சிபிக்கு எதிராக! (அந்த வலி வேறு.) அவர் விரலுக்கு மூன்று மாதம். நம் பிள்ளையின் விரலுக்கு ஓர் எக்ஸ்ரே கூடக் கிடையாதா?

வளரும் எலும்பின் முனையருகே வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அதில் விட்ட விரிசலோடு இழுத்து விளையாடினால் விரல் கோணலாக வளரலாம். விரல் நுனி தொங்கி, தானாக நிமிர மறுத்தால் தசைநாண் அறுந்திருக்கலாம். 6 முதல் 8 வாரம், இரவும் பகலும் நுனி நேராக இருக்கும்படி ஸ்பிளின்ட். நடுவில் ஒருமுறை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து. ‘கல்யாணத்துக்குப் போறோம், கழற்றலாமா டாக்டர்?’ என்று கேட்காதீர்கள்.

கபடியில் எதிராளியின் ஜெர்சியைப் பற்றிய பிள்ளைக்கு மோதிர விரல் நுனி மடங்கவில்லையா? இதில்தான் ஏமாறுகிறோம். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ‘அப்பாடா’ என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருந்தால், அதுவோ உள்ளங்கைப் பக்கம் சுருங்கிக்கொண்டிருக்கும். ஒரு வாரம், பத்து நாளுக்குள் தைத்தாக வேண்டும். ஸ்கேட்டிங்கில் கையூன்றி விழுந்து, கட்டைவிரலடிக் குழியில் தொட்டால் வலிக்கிறதா? அங்கே எலும்பு முறிந்திருந்தால் அதுவும் முதல் எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ளலாம். இரண்டு வாரத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னால் டாக்டரைத் திட்டாதீர்கள்.

அடிபட்டவுடன், விரலில் மோதிரம், கயிறு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். அட்டையோ ஐஸ்கிரீம் குச்சியோ வைத்து, இருந்தபடியே அசையாமல் கட்டுங்கள். பிறகு டாக்டரிடம் கிளம்புங்கள்; ஜெயநகரில் அரசின் சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவமனை இருக்கிறது. டிராஃபிக் என்று சாக்குச் சொல்லாதீர்கள். மேட்ச் என்றால் மட்டும் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே கிளம்புகிறோமே!