கல்விப் பகுதி: நாளைய பாடம்

சென்ற திங்கள் இப்பகுதியில் குழந்தைகளின் கையெழுத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பொம்மனஹள்ளியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் இல்லத்திற்கு வந்தார். கையில் தடித்த ஏடு ஒன்று. நாள்தோறும் தாம் நடத்தும் பாடங்களுக்கு முதல்நாள் இரவே எழுதிவைக்கும் பாடக் குறிப்பேடு அது. "ஐயா, பத்துப் பக்கமாவது பாருங்கள், எங்கே பிழை என்று சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தேன். அச்சிட்டாற்போன்ற எழுத்து. பாடத்தின் நோக்கம், துணைக்கருவிகள், மாணாக்கரின் முன்னறிவு, பாட விளக்கம், கேட்க வேண்டிய வினாக்கள், கரும்பலகைச் சுருக்கம், வீட்டுவேலை என ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றரைப் பக்கம். வாரந்தோறும் சிவப்பு மையில் தலைமையாசிரியரின் ஒப்பம்.

"பிழை ஒன்றும் தென்படவில்லையே, அம்மா?"

"ஏட்டில் இல்லை ஐயா, வகுப்பில் இருக்கிறது" என்று கூறி, எட்டாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அச்சிறுமியின் தாய் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் அமர்பவர். தந்தை கட்டட வேலைக்குச் செல்பவர். தருமபுரிப் பக்கத்துக் குடும்பம். பாட்டிக்கு உடல்நலம் குன்றியதென்று ஊருக்குச் சென்றவர்கள் மூன்று வாரம் கழித்தே திரும்பினர். அதற்குள் ஆங்கிலத்தில் இரண்டு உரைநடைப் பாடங்களும் ஒரு செய்யுளும் நடந்து முடிந்துவிட்டன. திரும்பி வந்த நாள்முதல் அப்பெண் வாய் திறப்பதில்லை. கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பார்த்து எழுதுகிறாள். வினாக் கேட்டால் எழுந்து நின்று மேசையைப் பார்க்கிறாள். "ஊருக்குப் போய் வந்தால் எல்லாமே போய்விடுகிறது மிஸ். நான் அம்மாவோடு வேலைக்கே போய்விடுகிறேன்" என்று ஒருநாள் தமிழில் சொன்னாளாம். இதைக் கூறும்போது ஆசிரியையின் குரல் சற்றே தழுதழுத்தது.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இது புதிய கதையன்று. ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஆடைத் தொழிற்சாலைகளை நம்பிப் பொம்மனஹள்ளியில் குடியேறியோர் பலர். 2007இல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இவ்வூரின் தலைக்குமேல் 2025 முதல் மெட்ரோ இரயிலும் ஓடுகிறது. ஆயினும் திருவிழாவுக்கும் நோய்க்கும் சாவுக்கும் ஊருக்குச் சென்று திரும்பும் வழக்கம் மாறவில்லை; மாறவும் வேண்டுவதில்லை. அவ்வாறு சென்று வரும் பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் இடம் காத்திருக்கிறதா என்பதே கேள்வி.

ஏட்டை மீண்டும் புரட்டினேன். இம்முறை ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய எல்லா வாக்கியங்களுக்கும் ஆசிரியரே எழுவாய். ஆசிரியர் அறிமுகம் செய்வார். ஆசிரியர் படித்துக் காட்டுவார். ஆசிரியர் அருஞ்சொற்களை விளக்குவார். மாணாக்கர் என்னும் சொல் வருமிடத்தில் அதற்குரிய வினை "கவனிப்பர்" என்பதுதான். நாற்பது நிமிடமும் ஆசிரியர் என்ன செய்வார் என்பது அணு அணுவாக எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளை என்ன செய்யும் என்பது எழுதப்படவேயில்லை.

இது அந்த அம்மையாரின் குற்றமன்று. இவ்வச்சு மிகப் பழையது. செருமானிய அறிஞர் எர்பார்ட்டு (1776-1841) கல்வி பற்றிக் கூறிய கருத்துகளை, அவருக்குப்பின் வந்த சில்லர், ரெயின் முதலியோர் ஐந்து படிகளாக்கினர்: ஆயத்தம் செய்தல், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுவிதி காணுதல், பயன்படுத்துதல். ஆங்கிலேயர் ஆட்சியில் நம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளுக்கு வந்துசேர்ந்த இப்படிகள் இன்றும் நம் பாடக் குறிப்புகளின் அடித்தளமாக இருக்கின்றன. வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் இவை பொருந்தலாம். மொழியோ எடுத்துரைக்கப்படும் பொருளன்று. நீச்சலைப்போலப் பழகி வருவது. கரையில் நின்று ஐந்து படிகளில் நீச்சலை விளக்கினால் யார் நீந்துவார்? நானும் பணியிலிருந்தபோது பல்லாண்டுகள் கரையில் நின்றே விளக்கியவன்தான். முதல் இரண்டு பெஞ்சுகளில் இருந்தவர்கள் நான் விளக்காமலே கற்றிருப்பார்கள். பின்வரிசையாருக்கு நான் என்ன செய்தேன் என்று இப்போது எண்ணிப் பார்த்தால் நாணமாக இருக்கிறது.

மாற்று வழி தேடியவர்கள் இலர் என்று எண்ணற்க. சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியில், தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதுமுறையில் பயிற்சியளிக்கும் பெருமுயற்சி ஒன்று நடைபெற்றது. சிலர் பயிற்சி பெற்றுப் பலருக்கு அளிப்பது, அவர்கள் மேலும் பலருக்கு அளிப்பது என்று உருண்டு பெருத்ததால் அதற்குப் "பனிப்பந்து" என்றே பெயர். வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமைக்கு வரிசைப்படுத்தி, ஆசிரியர் கதவைத் திறந்துகொண்டே "நான் கதவைத் திறக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்ல, பிள்ளைகளும் அவ்வாறே சொல்லிப் பழகும் முறை அது. வாய் மூடியிருந்த வகுப்பு வாய் திறந்தது உண்மை. ஆனால் திறந்திருக்கும் கதவைத் திறந்திருக்கிறது என்று நாற்பது பேர் சேர்ந்து சொல்வதில் யாருக்கு என்ன புதுச்செய்தி கிடைக்கும்?

இவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சி நாம் வாழும் இதே பெங்களூரில் நடந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். தென் மாநிலங்களின் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க 1963இல் இந்நகரில் ஒரு மண்டல ஆங்கிலப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. சென்னைப் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு அவர்கள் அந்நிறுவனத்தாரின் துணையுடன் 1979 முதல் 1984 வரை ஒரு சோதனையை நடத்தினார். பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களில் எல்லாரும் பயிலும் சாதாரணப் பள்ளிகளின் வகுப்பறைகளே அவருடைய ஆய்வுக்கூடம். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் இதனைப் "பெங்களூர்த் திட்டம்" என்றே அழைக்கின்றனர். 1987இல் பிரபு அவர்கள் இதைப் பற்றி நூல் ஒன்றும் வெளியிட்டார்.

அவருடைய கருத்து சுருக்கமாக இதுதான்: பிள்ளையின் மனம் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதில் மூழ்கியிருக்கும்போது மொழியமைப்பு தானாகவே உள்ளே படியும். ஆகவே இலக்கண வரிசையைத் திட்டமிடாமல், பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒரு வேலையைத் திட்டமிட வேண்டும். இரயில் கால அட்டவணை, ஊர்ப்படம், நாட்காட்டி, கடைக்கணக்கு, தொலைவுப் பட்டியல் ஆகியவையே அவர் வகுப்புகளின் பாடப்பொருள்.

இம்முறையில் ஒரு பாடவேளை இரு கூறாகும். முதற்கூற்றில் ஆசிரியர் ஒரு வேலையை வகுப்பார் அனைவரோடும் சேர்ந்து, வினாவும் விடையுமாக, உரக்கச் செய்து காட்டுவார். இரண்டாவதில், அதைப் போன்ற வேறொரு வேலையை ஒவ்வொரு பிள்ளையும் தனியே செய்யும். விடையின் பொருள் சரியா என்றே மதிப்பெண்; இலக்கணப் பிழையை ஆசிரியர் போகிற போக்கில் திருத்திச் சொல்லிவிட்டு நகர்வார்.

ஆசிரியைக்கு அன்று நாங்கள் இருவரும் அமர்ந்து ஒரு பாடம் வகுத்தோம். பெங்களூரிலிருந்து ஓசூர், தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் இருப்புப்பாதையை எடுத்துக்கொண்டோம். நேரங்கள் நாங்களே வைத்தவை. அதை நம்பி யாரும் நிலையத்திற்குச் சென்றுவிட வேண்டா. காலை வண்டி ஓசூரில் 8-15க்குப் புறப்பட்டுச் சேலத்தை 11-30க்கு அடைகிறது. பயணம் எவ்வளவு நேரம்? தருமபுரியில் இறங்க வேண்டியவர் எப்போது எழுந்து நிற்க வேண்டும்? இவற்றை வகுப்போடு சேர்ந்து பதினைந்து நிமிடம் ஆராய வேண்டும். பிறகு பிள்ளைகள் தனியே செய்ய மாலை வண்டி: அது ஓசூரில் 6-20க்குப் புறப்படுகிறது. ஒரு தாய்க்குத் தொழிற்சாலையில் 5-30க்கு வேலை முடிகிறது. ஓசூர் செல்ல ஒரு மணி நேரம் ஆகும். அவருக்கு அந்த வண்டி கிடைக்குமா? கிடைக்காதெனில் ஏன்? இவ்வாறு 8 வினாக்கள். ஏட்டில் எழுத அரைப் பக்கமே தேவைப்பட்டது.

"வகுப்பில் ஐந்து மொழி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்களே ஐயா, யாருக்கு எதில் விளக்குவது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இங்குதான் ஆசிரியர்கள் பலர் வீணாக அஞ்சுகின்றனர். நாம் "வீட்டில்" என்கிறோம். கன்னடர் "மனெயல்லி" என்பர். தெலுங்கர் "இண்ட்லோ" என்பர். இந்தியிலும் உருதுவிலும் "கர் மே". வேற்றுமையைக் காட்டும் உறுப்பு எல்லாவற்றிலும் பெயருக்குப் பின்னேதான் வருகிறது. வினைச்சொல்லும் ஐந்து மொழிகளிலும் வாக்கியத்தின் ஈற்றிலேதான் இயல்பாக நிற்கிறது. ஆங்கிலம் மட்டும் இரண்டையும் முன்னே தள்ளுகிறது. "ஃபிரம் ஓசூர்", "அட் சிக்ஸ்" என்னும்போது எந்தப் பிள்ளைக்கும் நாக்கு ஒரே இடத்தில்தான் இடறும். ஐந்து மொழி வகுப்பு என்று நாம் மலைக்கும் வகுப்பு, ஆங்கிலத்தின் முன் ஒரே வகுப்புத்தான். கால அட்டவணை வேலையிலோ இச்சிறு சொற்கள் நூறு முறை வந்து போகும்.

இனி, திட்டத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன். நாளைய பாடத்தை எப்போது எழுதுவது? இன்றைய தாள்களைத் திருத்தியபின்! பிரபு அவர்கள் ஒரு தோராயமான அளவுகோல் கூறியுள்ளார்: வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்திருக்க வேண்டும். இந்த வகுப்பில் 48 பேர். 24 பேர் 4 வினாக்களுக்கேனும் சரியான விடை எழுதியிருந்தால் வேலை தக்க கடினத்தோடு இருந்தது. மறுநாள் ஒரு படி ஏறலாம். பத்துப் பேரே தேறினால் அதே வகை வேலையை எளிதாக்கி மீண்டும் கொடுக்க வேண்டும். எல்லாருமே எட்டும் சரியாக எழுதிவிட்டால் மகிழ வேண்டா. வேலை சப்பென்று இருந்தது என்பதே பொருள். ஒரு மாதத்துக்குரிய குறிப்புகளைக் கோடை விடுமுறையிலேயே எழுதி முடித்துவிடும் சுறுசுறுப்பான ஆசிரியர்களை நான் அறிவேன். யாருக்காக எழுதினார்கள் என்பதைத்தான் அறியேன்.

ஊருக்குச் சென்று திரும்பும் பிள்ளைக்கும் இதில் வழியுண்டு. ஒவ்வொரு நாள் வேலையும் அன்றே தொடங்கி அன்றே முடிவதால், விட்டுப்போன மூன்று வாரம் குறுக்கே மலையாக நிற்பதில்லை.

ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது. பெரெட்டா, டேவிஸ் என்னும் இருவர் இத்திட்டத்தை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட முடிவு, மொழியைப் பயன்படுத்துவதில் திட்ட வகுப்புகள் மேலாக இருந்ததைக் காட்டிற்று. வாக்கிய அமைப்புத் தேர்விலோ பழைய முறை வகுப்புகளே முந்தின. நம் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இருக்கிறது. அதில் இலக்கண வினாக்களும் பாடநூல் வினாக்களும் உள்ளன. ஆகவே பாடநூலை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு பாடவேளையை இவ்வாறு நடத்தி, மற்றவற்றில் பாடநூலை நடத்துக. பாடநூல் கதையிலிருந்தே வேலைகளை உருவாக்குதலும் இயலும் என்றேன். "தலைமையாசிரியர் ஒப்பமிடுவாரா?" என்று ஐயுற்றார். அதே தலைப்புகளின்கீழ் எழுதிக் காட்டுங்கள். "கவனிப்பர்" என்ற இடத்தில் மட்டும் வேறு வினைகளை இடுங்கள் என்று கூறியனுப்பினேன்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் ஒதுங்கி நிற்க வேண்டா. மாலையில் பிள்ளையிடம் "எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று ஆங்கில வகுப்பில் என்ன கண்டுபிடித்தாய்?" என்று தமிழிலேயே கேளுங்கள். வண்டி கிடைக்குமா கிடைக்காதா என்று அது தமிழில் விளக்கினால் போதும். வேலையின் பொருள் அதற்கு விளங்கிவிட்டது. ஊருக்குப் புறப்படுமுன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்லுங்கள். பேருந்துச் சீட்டையும் பயண நேரங்களையும் குறித்துக்கொண்டு வருமாறு அவரே பிள்ளையிடம் கூறக்கூடும்.

இரு வாரம் கழித்து அந்த ஆசிரியை மீண்டும் வந்தார். முதல் நாள் 17 பேரே பாதி வினாக்களைச் செய்தனராம்; மறுநாள் எளிதாக்கிக் கொடுத்தபோது 29 பேர். அச்சிறுமி முதல் நாள் 8இல் 3தான் சரியாக எழுதினாள். ஆனால் முதற்கூறு நடந்துகொண்டிருந்தபோது, ஆசிரியை கரும்பலகையில் தருமபுரிக்கு அடுத்துச் சேலம் என்று எழுதிவிட்டுத் திரும்பினார். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "மிஸ், ஓமலூர். பிஃபோர் சேலம், ஓமலூர்."

மூன்று வாரத்திற்கு முன்புதானே அவ்வழியே வந்தாள்.