அத்தையின் ஒன்றரை ஏக்கர்

சிங்கப்பூரில் நாலறை வீவக வீடு வாங்கின செய்தியைச் சொன்னதும் ஊரிலிருந்து வந்த முதல் கேள்வி: "தொண்ணூத்தொம்பது வருஷம்தானாமேண்ணா? அப்ப அது வாடகை வீடுதானே?" கேட்டது சித்தப்பா பையன். நியாயமான கேள்விதான். 60 வருடக் குத்தகை முடிந்ததும் கேலாங் லோரோங் 3ல் 191 தரைவீடுகளை 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அரசாங்கம் திருப்பி எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு கிடையாது. அதைப் படித்த அன்று எனக்கும் வயிற்றைக் கலக்கியது.

ஆனால் கேட்ட ஆளைப் பாருங்கள். வரதய்யபாளையத்தில் எங்கள் அத்தையின் ஒன்றரை ஏக்கருக்காகக் காத்திருக்கும் ஐந்து பேரில் அவனும் ஒருவன். (நானும் ஒருவன். கடைசியில் சொல்லி நல்லவன் வேஷம் கட்ட இஷ்டமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

அத்தை 1977ல், 26 வயதில், புருஷன் போய், பிள்ளையில்லாமல் பிறந்த வீட்டுக்கு வந்தவர். 1982ல் தாத்தா தன் சுயார்ஜித நிலத்துக்கு உயில் எழுதினார், தெலுங்கில். அத்தைக்கு ஒன்றரை ஏக்கர், யாவஜ்ஜீவம் அனுபவிக்கலாம், விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, அவர் காலத்துக்குப் பிறகு பேரன்கள் ஐந்து பேருக்கு. பேத்திகள் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் பெயரே இல்லை. அதே உயிலில் என் அப்பாவுக்கும் சித்தப்பாக்களுக்கும்? புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய். ஒரே அப்பா, ஒரே பேனா, ஒரே நாள்.

சட்டத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. அத்தைக்கு ஆயுட்கால உரிமை, எங்களுக்கு எதிர்கால உரிமை. அந்த எதிர்காலம் எப்போது வரும்? அத்தை செத்த அன்று வரும். எவ்வளவு நாசூக்காக எழுதினாலும் அர்த்தம் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அப்பா உயிரோடிருக்கும்போது 'நாளைக்கு எனக்குத்தானே' என்கிற நப்பாசையை மகன் யாருக்கும் விற்க முடியாது. 1882ஆம் வருட சொத்து மாற்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் உயிலில் பெயர் ஏறிவிட்ட பேரன் கதை வேறு. நிலம் கைக்கு வரத்தான் தாமதம், உரிமை இப்போதே அவனுடையது. அத்தைக்கு முன்னால் அவன் செத்தால்கூட அவன் வாரிசுக்குப் போகும். அதை அவன் விற்கலாம். நாற்பது வருஷமாக அந்த நிலத்தில் கடலையும் நெல்லும் போடும் அத்தை விற்கக் கூடாது, அந்த வரப்பை மிதித்தே பார்க்காத பேரன் விற்கலாம்!

அத்தை வீடு திரும்பிய அதே 1977ல்தான், மார்ச் மாதம், துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு பக்கத்து நெல்லூரிலிருந்து போனது. 1931ல் விதவையான துளசம்மா ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். 1949ல் சமரசம். சில சொத்துக்களை ஆயுள் மட்டும் அனுபவி, விற்காதே என்றார்கள். 1961ல் கொஞ்சத்தை விற்றார், மைத்துனர் வழக்குப் போட்டார். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1)ஆம் பிரிவுப்படி பெண் கையிலிருக்கும் சொத்துக்கு அவளே முழு உரிமையாளர். ஆனால் 14(2) ஒரு சந்து வைத்திருக்கிறது. உயில், தானம், டிக்ரி மூலமாக வரம்பு கட்டிக் கொடுத்தால் அந்த வரம்பு நிற்கும். ஜீவனாம்சம் விதவைக்கு ஏற்கெனவே இருந்த உரிமை, புதிதாகப் போட்ட பிச்சை இல்லை, அதனால் சந்து இங்கே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். துளசம்மா ஜெயித்தார்.

அப்படியானால் அத்தையும் ஜெயிக்கலாமே? இரண்டு வக்கீல்களிடம் கேட்டேன், இரண்டு பதில். புருஷன் வீட்டு விதவைக்கு சரி, அப்பா வீட்டுக்கு வந்த மகளுக்கு என்ன முன்னுரிமை என்றார் ஒருவர். விதவை மகளும் ஜீவனாம்சத்துக்கு உரியவள்தான், வாதாடலாம் என்றார் மற்றவர். 14(2) விஷயத்தில் முன்னுக்குப் பின் முரணான தீர்ப்புகள் இருப்பதால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று ஆந்திரா 1985லேயே சட்டம் போட்டது பெருமைதான். ஆனால் சுயார்ஜிதத்துக்கு எழுதின உயிலிடம் அது வாயே திறக்காது.

"பொம்பளை ஏமாந்துடுவா, அவ பாதுகாப்புக்குத்தான் அப்படி எழுதறாங்க" என்று ஒரு வாதம் உண்டு. தாத்தாவும் அப்படி நினைத்துத்தான் எழுதியிருப்பார், அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் நிலத்தைத் தொலைத்தது யார்? சர்வ சுதந்திரமாய் வாங்கின பெரிய சித்தப்பா. குடித்தே இரண்டு ஏக்கர். குடிகார மகனுக்கு 'ஆயுள் பரியந்தம் மட்டும்' என்று எழுதின ஒரு உயிலைக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

போன வருஷம் அத்தைக்கு இரண்டு முட்டியும் மாற்றவேண்டும் என்றார்கள். ஸ்ரீசிட்டி வந்தபிறகு எங்கள் பக்கம் நிலத்தின் விலை தெரியும்தானே, அதில் ஒரு துண்டு போதும். அடமானம் கேட்டு ஒரு பேங்குக்குப் போனார். உயிலைப் புரட்டிய மேனேஜர், "அம்மா, நீங்க ஓனர் இல்லையே" என்றாராம். போனில் சொல்லும்போது அத்தை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் 'வாடகைக்கு' இருக்கும் இந்த 99 வருட வீட்டைக் காட்டிக் கடன் வாங்கியிருக்கிறேன், விதிப்படி விற்கவும் செய்யலாம்.

ஆபரேஷனுக்குப் பணம் நாங்கள் போடலாம், போட்டோம். ஆனால் அத்தை கேட்டது பணம் இல்லை, "எம் பேர்ல எழுதிக் குடுங்கடா" என்றார். ஐந்து பேரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் நிலம் முழுசாக அவருடையது. நான் இங்கே இந்திய ஹைகமிஷனில் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தம்பியும் சின்ன சித்தப்பாவின் மூத்தவனும் போட்டாயிற்று. பாக்கி இரண்டு பேர்.

வாடகை வீடா என்று கேட்டானே, அவனுக்குப் போன வாரம் திரும்பவும் போன் போட்டேன். "யோசிச்சுச் சொல்றேண்ணா" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "அத்தைக்கு இப்ப உடம்பு எப்படி இருக்காம்?" என்று கேட்டான்.