நாய் இருக்குன்னு எப்ப சொல்றது?

ஸ்ரீரங்கத்தில் ஒரு 'டு-லெட்' போர்டைப் பார்த்து போன் போட்டால் முதல் நிமிஷத்திலேயே நாலு கேள்வி வரும். எத்தனை பேர்? எங்க வேலை? சைவமா? எப்ப வர்றீங்க? நாலுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லி, வாடகையும் ஒத்துவந்து, "சாவி பக்கத்து வீட்லதான் இருக்கு, வந்து பாருங்க" என்று அவர்கள் சொல்லும் நேரத்தில், "வீட்ல நாய் ஒண்ணு இருக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

"சின்னதா?"

"இல்லைங்க, ராஜபாளையம்."

"அப்புறம் கூப்பிடுறேன் தம்பி."

அந்த 'அப்புறம்' வரவே வராது. இரண்டு மாதத்தில் என் போனில் இப்படிப் பதினேழு 'அப்புறம்' சேர்ந்துவிட்டது.

வீடு எனக்கு இல்லை, அக்காவுக்கு. விருதுநகர் மாவட்டத்திலிருந்து திருச்சிக்கு மாற்றல். அக்கா, மாமா, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பையன், கூடவே நாலு வயது மணி. முழு வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் கலர், நின்றால் என் இடுப்பைத் தொடும் உயரம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்காக நான்கு தபால்தலைகள் வெளியிட்டது; அதில் ஒன்றில் இருப்பது ராஜபாளையம்தான். 2020 ஆகஸ்ட்டில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் நாட்டு நாய் வளர்க்கச் சொன்ன பிரதமர், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் ஊர் இனங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். தபால்தலையில் இடம் கிடைத்த நாய்க்கு ஒரு மாடி போர்ஷனில் இடம் கிடைக்கவில்லை.

"பேசாம தோட்டத்துல விட்டுட்டுப் போ" என்றார் அக்காவின் மாமியார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ராஜபாளையம் ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு வளரும் இனம். நாலு வயதில் கைமாற்றுவது குட்டியைக் கைமாற்றுவது போல இல்லை. பையனுக்கோ மணி இல்லாத வீடு ஒன்று இருக்க முடியும் என்பதே தெரியாது.

ஃபார்வர்டு சொன்னதும் சட்டம் சொல்வதும்

இதற்கு நடுவில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு ஃபார்வர்டைப் போட்டார். 'வாடகை வீட்டில் நாய் வளர்ப்பதை யாரும் தடுக்க முடியாது!' டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவள்... இல்லை, பார்ப்பவன் என்றால் வீட்டில் எல்லா ஃபார்வர்டையும் நாம்தான் சரிபார்க்க வேண்டும். பார்த்தேன். பாதி உண்மை.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. (1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கிய வாரியம் இது. ரொம்ப காலம் சென்னையில்தான் இயங்கியது.) அடுக்குமாடிச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் நாய் வளர்க்கத் தடை போடக் கூடாது, பெரும்பான்மை ஓட்டு எடுத்துக்கூடப் போட முடியாது என்கிறது அது. சின்ன நாய்க்குச் சரி, பெரிய நாய்க்கு இல்லை என்று பாகுபாடு காட்டவும் கூடாதாம். 2021 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றமும், செல்லப் பிராணிகளை அடியோடு தடுக்கும் சங்க விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

கவனித்தீர்களா? எல்லாமே சங்கங்களுக்குச் சொன்னது. கீழே தான் இருந்துகொண்டு மேல்மாடியை வாடகைக்கு விடும் ஒரு தாத்தாவை, "பெரிய நாய் உள்ள குடும்பத்துக்குத்தான் வீடு கொடுக்க வேண்டும்" என்று இவை எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் தேடியதில் முக்கால்வாசி இந்த வகை வீடுதான். சங்கம் கிடையாது, விதிப் புத்தகம் கிடையாது. வீட்டுக்காரர் சொல்வதுதான் விதி.

வெளிநாட்டில் இதற்கும் சட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2020 மார்ச் முதல், வாடகைதாரர் நாய்க்கு அனுமதி கேட்டால், மறுக்க நினைக்கும் வீட்டுக்காரர்தான் 14 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போய்க் காரணம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2025-ல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தில், நியாயமான காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. எல்லா ஊரும் அப்படி இல்லை. சிங்கப்பூர் வீவக அடுக்குமாடிகளில் வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களின் பட்டியலில் இருக்க வேண்டும். மணி அங்கே சொந்த வீட்டிலேயே இருக்க முடியாது.

வடகம், தேக்குக் கதவு, தெற்கு வாசல்

'அப்புறம்' சொன்னவர்களில் ஆறேழு பேரிடம் திரும்பப் போன் செய்து, "வீடு வேண்டாம்ங்க, காரணம் மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். தொழில் புத்தி. ஒருவர் தவிர யாரும் கோபப்படவில்லை.

ஒரு மாமிக்கு மொட்டை மாடிதான் கவலை. வருஷா வருஷம் கோடையில் அங்கேதான் வடகமும் மோர்மிளகாயும் காயும். "உங்க நாய் நல்ல நாயாவே இருக்கட்டும். ஒரு முடி அதுல விழுந்தா நான் அத்தனையும் கொட்டணும்." இன்னொருவருக்கு அப்பா காலத்துத் தேக்குக் கதவு. முன்காலைத் தூக்கி வைத்து ஒரு தடவை பிறாண்டினால் பாலிஷ் போடவே சில ஆயிரம் ஆகும். சித்திரை வீதிப் பக்கம் ஒரு பெரியவர், வீடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கிறது, இங்கே குரைத்தால் நாலு வீட்டில் தூக்கம் போகும் என்றார். இறைச்சி வேகும் வாசனை வேண்டாம் என்று இரண்டு பேர். தெற்கு வாசல் பக்கம் ஒருவர் சொன்ன காரணம் எனக்குத் தோன்றவே இல்லை: "திருவிழா நாள்ல இந்தத் தெருவுல நடக்கவே இடம் இருக்காது. அவ்ளோ பெரிய நாயை எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

பயமும் உண்டு. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியை மூன்று பேர் சொன்னார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் நம் நாட்டு இனம் எதுவும் இல்லை என்று நான் சொன்னேன். "தம்பி, கடிபட்ட குழந்தைக்குப் பட்டியல் தெரியுமா?" என்றார் ஒருவர். என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. "பொமரேனியன்னா பரவால்ல" என்று நாலு பேர் சொன்னார்கள். தெருவில் யார் செருமினாலும் குரைக்கும் இனம் அது. சத்தம்தான் பிரச்சினை என்றால் அளவை ஏன் கேட்கிறார்கள்? கிரேட் டேன் மாதிரிப் பெரிய நாய்கள் பல, வீட்டுக்குள் பாதி நாள் தூங்கியே கழிப்பவை. பார்க்கும்போது வரும் பயத்தைத்தான் சத்தம் என்று சொல்லிவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

மறைக்கலாமா?

புரோக்கர் ஒருவர் எளிய வழி சொன்னார். "நாயைப் பத்திப் பேசாதீங்க. அட்வான்ஸைக் குடுத்துப் பால் காய்ச்சிடுங்க. ஒரு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க." மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார். முப்பது கிலோ நாயை எத்தனை நாள் விருந்தாளி என்று சொல்வது? மறைத்துக் குடிபோனால் வீட்டுக்காரருக்கு முதல் நாளே நம்மேல் நம்பிக்கை போகிறது. பிறகு கதவில் இருக்கும் பழைய கீறலும் நம் கணக்கில்தான் வரும்.

அப்புறம்தான் தேடலைக் கொள்ளிடம் தாண்டி நகர்த்தினோம். சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினால், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளைத் தாண்டித் திருவெள்ளறை வரும். புண்டரீகாட்சப் பெருமாள் கோயில், பல்லவர் காலத்து ஸ்வஸ்திக் கிணறு எல்லாம் பார்க்கப் போயிருப்பீர்கள். எங்களாழ்வான் அவதரித்த ஊர். அவரிடம் பாடம் கேட்க வந்த நடாதூர் அம்மாள் கதவைத் தட்டியபோது, யார் என்று உள்ளிருந்து கேட்க, "நான்" என்றாராம். அந்த 'நான்' செத்தபிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாராம் குரு. மறுபடி வந்தவர் "அடியேன்" என்றதும் கதவு திறந்தது என்பார்கள். கதவைத் தட்டும்போது முதலில் என்ன சொல்வது என்பது அந்த ஊரில் பழைய விஷயம்.

அக்கா முதல் வரியிலேயே நாயைச் சொன்னார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை.

"கடிக்குமா?"

"தெரியாதவங்க திடீர்னு உள்ள வந்தா கடிக்கலாம் டீச்சர். கேட்டைப் பூட்டித்தான் வைப்போம்."

"காலைல அஞ்சரைக்குப் பால்காரர் வருவாரே?"

"அந்த நேரத்துல கொல்லைப் பக்கம் இருப்பான்."

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

மணியைக் கொண்டுபோனோம், தடுப்பூசிப் புத்தகத்தோடு. டீச்சர் நாயைவிடப் புத்தகத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். வீடு கிடைத்தது. பழைய ஓட்டு வீடு, பெரிய கொல்லை, வாடகை ஸ்ரீரங்கத்தைவிடக் குறைவு. மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதி அக்காவின் ஸ்கூட்டி பெட்ரோலுக்குப் போகிறது. பெரிய நாய் வைத்திருப்பவர்களை ஊர் இப்படித்தான் ஓரத்துக்குத் தள்ளுகிறது. மணிக்கு நல்லது. அக்காவுக்கு தினமும் ஒன்றரை மணி நேரம் ரோட்டில்.

எழுதிக்கொள்ளுங்கள்

டீச்சரே சொன்னார், எல்லாவற்றையும் அக்ரிமென்ட்டில் எழுதிவிடலாம் என்று. எழுதியது இதுதான், தேவைப்படுகிறவர்கள் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்: 'வாடகைதாரர் ஒரு ராஜபாளையம் இன ஆண் நாயை இவ்வீட்டில் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார். வேறு நாய் சேர்ப்பதானால் முன்கூட்டி எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுச் சான்றின் நகலைக் கொடுக்க வேண்டும். நாயால் கதவு, தரை, சுவருக்கு ஏற்படும் சேதத்தைக் காலி செய்யும்போது வாடகைதாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இயல்பான தேய்மானம் இதில் சேராது.' அந்தக் கடைசி வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். குடிபோகும் முன்பே ஒவ்வொரு கதவையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. 'நாய் இருக்கு, பத்து மாசம் குடுங்க' என்றால் பேரம் பேச இது உதவும். வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பெரிய நாய் உள்ள வீட்டில் இது இரண்டு தரப்புக்கும் நல்லது. மாற்றுச் சாவியோடு திடீரென்று உள்ளே வந்து கடிபட்டால் தகராறு போலீஸ் வரை போகும். நாயை அஜாக்கிரதையாக வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்கும் வழி இருக்கிறது.

ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் "நாயை அனுப்பு, இல்லைன்னா காலி பண்ணு" என்று சொன்னால், முதலில் அக்ரிமென்ட்டைப் பாருங்கள். நாய் கூடாது என்று அதில் நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாட அதிகம் இல்லை. அப்படி இல்லை என்றால், வீட்டுக்குச் சேதம், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை என்பது போன்ற சட்டம் ஏற்கும் காரணத்தை வாடகை நீதிமன்றத்தில் அவர் காட்ட வேண்டும். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தக் கூடாது.

நாயைக் கொள்ளிடக் கரையில் இறக்கிவிட்டு வீடு மாறுவது 1960-ம் வருஷ விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாள் முழுக்கக் கட்டியே போட்டு நடக்க விடாமல் வைத்திருப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அச்சுப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான்.