பொட்டலம் போட்டால் மண் பிழைத்துவிடுமா?

"மானாவாரி மண்ணு செத்துப்போச்சா? அசோஸ்பைரில்லம் போடுங்க, சரியாயிடும்." இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. (விவசாயம் படிக்கும் நம்ம ஆட்களே சொல்கிறார்கள்!)

அது நல்ல பாக்டீரியாதான், மறுக்கவில்லை. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குத் தரும். ஆனால் அதற்கும் வயிறு உண்டே! அதன் சாப்பாடு கரிமம். மண் பரிசோதனையில் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்பார்கள். தின்ன எதுவுமில்லாத, மழை தவறினால் காய்ந்து கொதிக்கிற மண்ணில் அதைக் கொண்டுபோய் விட்டால் எத்தனை நாள் தாங்கும்?

பரிந்துரையை முழுசாகப் படியுங்கள் சாமிகளா. எக்டேருக்கு 10 பொட்டலம், அதாவது 2 கிலோ. அதையும் சும்மா தூவக் கூடாது. 25 கிலோ தொழுவுரம், 25 கிலோ மண்ணோடு கலந்து போடணும். அதற்கு முன்பே அடியுரமாக 12.5 டன் தொழுவுரம் என்று ஒரு வரி இருக்கும். நமக்கு 2 கிலோ ஞாபகமிருக்கிறது, 12.5 டன் மறந்துபோகிறது!

மாடே இல்லாத ஊரில் அவ்வளவு எருவுக்கு எங்கே போவது? நியாயமான கேள்விதான். ராமநாதபுரம் பக்கம் அதற்குத்தான் ஆட்டுக்கிடை போட்டார்கள். கீதாரி ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்கு. கொளிஞ்சி இருக்கிறது, வறட்சி தாங்கும், ஆடு மாடும் அவ்வளவாக மேயாது, வேர் முடிச்சிலேயே ரைசோபியம் வைத்திருக்கும். பூக்கும்போது மடக்கி உழுதால் போதும்.

பொட்டலத்துக்கு மானியம் கேட்பவர்களே, கிடைக்கூலிக்கும் கொஞ்சம் கேளுங்களேன்.