அந்தப் படத்துக்குப் பிறகு நடந்தது



முக்காடு அணிந்த ஒரு சகோதரியின் படம் மறுபடியும் எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. "அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில சட்டசபைக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம் பெண். மாஷா அல்லாஹ்!" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அது 2019ஆம் ஆண்டுச் செய்தி என்பதும், அவர் அந்தச் சபையில் ஒன்பது மாதம்கூட முழுமையாக இருக்கவில்லை என்பதும் அதில் இல்லை. மீதிக் கதையையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

அவருடைய பெயர் மொவீட்டா ஜோன்சன்-ஹரல். பிலடெல்பியா நகரின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த கறுப்பினப் பெண். 2011இல் அவருடைய 18 வயது மகன் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டான். வேறு யாரோ என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். அந்தத் தாய் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. மகனின் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, துப்பாக்கி வன்முறைக்கு எதிராகத் தெருத்தெருவாக வேலை செய்தார். பிறகு நகரின் அரச வழக்கறிஞர் அலுவலகத்தில், குற்றச் செயல்களால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு தாயின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? இது எதுவும் நடிப்பல்ல. பின்னால் வருவதைப் படிக்கும்போதும் இதை மறக்க வேண்டாம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டசபை உண்டு. எமது மாகாண சபையைப் போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகாரம் பல மடங்கு அதிகம். (எமது மாகாண சபைகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல். அது வேறு கதை.) பென்சில்வேனியாவின் பிரதிநிதிகள் சபையில் 203 பேர். அதில் 190ஆம் தொகுதி வெற்றிடமானதால் 2019 மார்ச் 12ஆம் திகதி இடைத்தேர்தல் நடந்தது. சகோதரி மொவீட்டா வென்றார்.

மூன்றே நாட்களில், மார்ச் 15 வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் தொழ வந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரம் ஆறுவதற்குள், மார்ச் 25இல் இவர் சத்தியப்பிரமாணம் செய்தார். குடும்பத்தினரும் பல முஸ்லிம் விருந்தினர்களும் சபைக்கு வந்திருந்தார்கள். அன்று சபை நடவடிக்கைகளைப் பிரார்த்தனையோடு தொடங்கிவைத்தவர் ஸ்டெபனி போரோவிட்ஸ் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர். சுமார் இரண்டு நிமிடப் பிரார்த்தனையில் இயேசுவின் பெயரைப் பதின்மூன்று தடவை சொன்னார். இஸ்ரேலுக்குத் துணை நிற்பதற்காக ட்ரம்புக்கு நன்றியும் சொன்னார். ஒருவர் தனது நபியின் பெயரைச் சொல்லிப் பிரார்த்திப்பதில் எமக்குப் பிரச்சினை இல்லை. ஈஸா (அலை) எமக்கும் நபிதான். ஆனால் முதலாவது முஸ்லிம் பெண் பதவியேற்கும் நாளில், அவருடைய குடும்பத்தை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அப்படிச் செய்தது என்ன நோக்கத்தில் என்பது சபையில் இருந்தவர்களுக்கு விளங்கியது. கண்டனங்கள் எழுந்தன. போரோவிட்ஸ் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தக் காணொளி உலகம் முழுக்கப் போனது. எமக்கும் வந்தது. அடுத்த மாதம் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு, எமது நாட்டில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு எமது பெண்கள் முக்காட்டோடு பஸ்ஸில் ஏறவே எப்படித் தயங்கினார்கள் என்பதை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த நாட்களில், முக்காட்டோடு சபையில் நிமிர்ந்து நின்ற ஒரு பெண்ணின் படம் மனதுக்குத் தந்த தெம்பு பொய்யல்ல.

டிசம்பர் 4ஆம் திகதி வந்த செய்தியைப் பகிர்ந்தவர்கள் குறைவு.

மகனின் பெயரிலான அமைப்பைத் தவிர, சகோதரி மொவீட்டா இன்னொரு தொண்டு நிறுவனத்தையும் நடத்தி வந்தார். உளநோயாளிகள், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள், வீடு வாசல் இல்லாதவர்கள் ஆகியோருக்கு உதவுவதாகச் சொன்ன நிறுவனம் அது. அந்த மக்களுக்காக அரசு கொடுக்கும் மருத்துவ உதவிப் பணமும் சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவும் அதன் ஊடாக வந்தன. அதிலிருந்து 5 இலட்சம் டொலருக்கு மேல் எடுத்துத் தனக்காகச் செலவழித்தார் என்று மாநில சட்டமா அதிபர் ஜோஷ் ஷபீரோ வழக்குத் தொடர்ந்தார். விடுமுறைப் பயணங்கள், உடுப்புகள், மென்மயிர் மேலங்கிகள், வீடு சொத்து என்று பட்டியல் நீண்டது. திருட்டோடு, பொய்ச் சத்தியம் செய்ததும் ஆவணங்களில் பொய்த் தகவல் கொடுத்ததும் குற்றச்சாட்டில் இருந்தன. முதலில் பலவற்றை மறுத்தார். அந்த மாதமே பதவியை இராஜினாமா செய்தார். 2020 ஜனவரியில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று மாதச் சிறை, அதற்குப் பிறகு வீட்டுக் காவல் என்று தீர்ப்பானது.

ஷபீரோ யூதர் என்பதைத் தேடிப்பிடித்து "இது சதி" என்று எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் சகோதரி மொவீட்டாவின் அதே ஜனநாயகக் கட்சிக்காரர். கட்சிக்காரி என்று விட்டுவிடாமல் வழக்குப் போட்டார். ஒப்புக்கொண்டவர் சகோதரியேதான்.

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. அந்த 190ஆம் தொகுதி ஏன் வெற்றிடமானது? அவருக்கு முன் அதே தொகுதியில் இருந்த வனெஸா லோவரி பிரவுன் 4,000 டொலர் இலஞ்சம் வாங்கிய வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2018 டிசம்பரில் விலகினார். அவர் எந்த மதத்தவர் என்று யாரும் தேடவில்லை. ஓர் அரசியல்வாதி இலஞ்சம் வாங்கினார், முடிந்தது கதை. இவருடைய விடயத்தில் மட்டும் ஏன் மதம் முன்னுக்கு வருகிறது? போரோவிட்ஸ் போன்றவர்கள் ஒரு காரணம். "முதலாவது முஸ்லிம் பெண்" என்ற பட்டத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத பகிர்வுகள் இன்னொரு காரணம். அவர் எதற்காகப் போட்டியிட்டார், எந்தச் சட்டத்தைக் கொண்டுவர நினைத்தார் என்று அந்தப் பதிவுகளில் ஒரு வரி இல்லை. அவருடைய திருட்டை இஸ்லாத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம் என்று நாம் சொல்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். அப்படியென்றால் அவருடைய தேர்தல் வெற்றியை மட்டும் இஸ்லாத்தின் கணக்கில் எழுதுவது எந்த நியாயம்?

"ஒரு முஃமினின் குறையை மறைப்பதுதானே மார்க்கம், இதை ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஒருவர் தனிமையில் செய்த பாவத்தைத் தோண்டி எடுப்பது எமது வேலை அல்ல. ஆனால் பொதுப் பணம் அப்படியல்ல, அது அமானிதம். அதற்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இந்தக் கதையில் அவர்கள், தமக்குச் சேர வேண்டிய காசு வந்ததா போனதா என்றுகூடக் கணக்குப் பார்க்க முடியாத நோயாளிகள். அவர்களுடைய பெயர் எந்தப் பதிவிலும் வரவில்லை. மறைத்தால் யாருடைய உரிமை மறைக்கப்படுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். மக்ஸூம் கோத்திரத்துப் பெண் திருடியபோது, பெரிய குடும்பம் என்பதற்காக உஸாமா (ரழி) அவர்களைப் பரிந்து பேச அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. தமது சொந்த மகளாக இருந்தாலும் சட்டம் ஒன்றே என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்கள்.

துயரத்தைச் சுமந்தவர், சமூகத்துக்காக ஓடியாடியவர், மார்க்கப் பற்றுள்ளவர் என்று ஒருவரைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அப்படிப்பட்டவரிடம்தான் கணக்குக் கேட்க நாக்கு கூசும். எமது ஊர்களிலும் கணக்குக் கேட்டால் "எங்களில் நம்பிக்கை இல்லையா?" என்ற பதில் உடனே வரும். நம்பிக்கை இருப்பதால்தானே காசு கொடுத்தோம்! கேட்பது கணக்கு. றமழானுக்கு முன் எமது ஸக்காத் நிதி, ஜனாஸா நலன்புரிச் சங்கம், ஏழைப் பிள்ளைகளுக்கான கல்வி நிதி எல்லாவற்றினதும் கணக்கறிக்கை பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைக்கு வரட்டும். வந்த தொகை மட்டும் போதாது. யாருக்குப் போனது, காசோலையில் யார் யார் கையொப்பமிடுகிறார்கள், குடும்ப உறவில்லாத எவர் அதைப் பார்த்துச் சரி சொன்னார் என்பதும் சேர்ந்து வரட்டும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைக் கேட்க நாம் சிலர் தீர்மானித்திருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் வாருங்கள்.